கதவு இறுக்குதா? முதலில் கீலைப் பாருங்கள்

போன சித்திரையில் கடலூர் மஞ்சக்குப்பத்து வீடு ஒன்றிலிருந்து போன். "தம்பி, வாசக்கதவு பூட்டு போயிடுச்சு. சாவி சுத்துது, ஆனா தள்ளினா கதவு திறந்துக்குது. நல்ல பூட்டா ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றார் அந்த அம்மா. ஓய்வு பெற்ற ஆசிரியை, தனியாக இருக்கிறார்.

போய்ப் பார்த்தால் பூட்டில் ஒரு குறையும் இல்லை. நாக்கு முழுசாக வெளியே வருகிறது. நிலையில் இருக்கிற தகட்டை எட்டவில்லை, அவ்வளவுதான். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழைகிற சந்து. கூடத்தில் நின்றால் தெருவில் போகிற சைக்கிள் தெரிகிறது.

"இதை யாரும்மா இழைச்சது?"

"மூணு வருஷமா ஐப்பசி வந்தா இறுக்குது தம்பி. வருஷத்துக்கு ஒரு ஆள் வந்து இழைச்சுக் குடுத்தாங்க."

அவருடைய அப்பா போட்ட தேக்குக் கதவு அது. மேல் கீலில் நாலு திருகு. இரண்டு வெறும் ஓட்டையில் ஆடிக்கொண்டிருந்தன. கதவு உப்பவே இல்லை, தொங்கியிருக்கிறது. இன்றைக்கு வாங்க முடியாத மரத்தை மூன்று மழைக்காலமாகச் சீவிச் சீவிக் குப்பையில் கொட்டியிருக்கிறார்கள். ஒரு திருகைத் தொட்டுப் பார்க்க மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்த வருஷம் இது எனக்கு ஐந்தாவது கதவு. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் இருபது வருஷத்துக்கு மேலாகக் கதவு, ஜன்னல் பழுதுதான் பார்க்கிறேன். புதுக்கதவு செய்ய ஆள் நிறைய உண்டு. பழுது பார்ப்பதில் மெனக்கெடல் அதிகம், கூலி குறைவு. பேச்சில் கொஞ்சம் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரம் ஈரம் குடித்தால் உப்பும் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்தப் பக்கம் உப்பும் என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை. அகலத்தில்தான் உப்பும். நீளவாக்கில் அது அசைவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் கதவில் மேலிருந்து கீழ்வரை ஒரே துண்டாக நிற்கிறதே இரண்டு சட்டம், கதவின் உயரத்தை முடிவு செய்வது அவைதான். எத்தனை மழை பெய்தாலும் அவற்றின் நீளம் கூடாது. ஆகவே கதவின் அடி தரையில் உரசினால் அது உப்பலே கிடையாது. கீல் தளர்ந்து கதவு தொங்கியிருக்கும். இல்லாவிட்டால் பழைய தரை மேலேயே டைல்ஸ் ஒட்டித் தரையை முக்கால் அங்குலம் உயர்த்தியிருப்பீர்கள். இதை நான் சொல்லும்போதெல்லாம் "இல்லண்ணே, மழையில ஊறி கீழ எறங்கிடுச்சு" என்று ஒரு பதில் வரும். மரம் கீழே இறங்காது தம்பி. கீல்தான் இறங்கும்.

சரி, அகலத்தில் எவ்வளவு உப்பும்? சட்டம் கட்டி நடுவில் பலகை சொருகிய கதவாக இருந்தால் நிற்கிற சட்டங்கள் இரண்டு மட்டும்தான் கணக்கில் வரும். நடுப்பலகை, சட்டத்தில் அதற்கென்று வெட்டிய பள்ளமான காடிக்குள்ளேயே விரிந்து சுருங்கிக்கொள்ளும். அதற்காகத்தான் அந்தக் காலத்து ஆசாரிகள் காடியில் பசை வைக்க மாட்டார்கள். நல்ல தேக்கில் மொத்தமே இரண்டு, மூன்று மில்லிமீட்டர். பலகைகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து, பின்னால் குறுக்குச் சட்டம் அடித்த கதவு வேறு கதை. மூன்றடி அகலமும் உப்புகிற மரம். கார்த்திகையில் கால் அங்குலத்துக்கு மேலேயே விரியும். பழைய வீட்டுக் கொல்லைக் கதவுகள் இந்த வகைதான்.

(இப்போது சிலர் நடுப்பலகை ஆடுகிறதென்று காடியில் பெவிகாலை ஊற்றி ஆணியும் அடித்துவிடுகிறார்கள். அடுத்த கோடையில் பலகை நடுவில் பிளக்கும். திட்டு மட்டும் மரக்கடைக்காரருக்கு.)

கதவு இறுக்கினால் முதலில் அதை மூடி, சுற்றியுள்ள சந்தைப் பாருங்கள். கீல் பக்கம் மேலே சந்து அகன்றும், பூட்டுப் பக்கம் மேல் மூலை நிலையில் உரசியும் இருந்தால் கதவு தொங்கியிருக்கிறது. சந்தேகம் தீரவில்லையா? கதவின் ஓரம் முழுக்கச் சாக்பீஸ் தேய்த்து ஒருமுறை மூடித் திறங்கள். நிலையில் வெள்ளை ஒட்டிய இடம்தான் உரசுகிற இடம். ஒரு மூலையில் மட்டும் ஒட்டினால் கீலைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒட்டினால்தான் உப்பல் என்று நம்பலாம். ஐந்து நிமிஷ வேலை. வருகிற ஆள் இதைச் செய்யாமல் பையிலிருந்து இழைப்புளியை எடுத்தால் ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தொங்கிய கதவுக்கு வைத்தியம் சுலபம். திருகைக் கழற்றி, ஓட்டைக்குள் பசையில் தோய்த்த தேக்குக் குச்சியை அடித்து இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, புதிதாகத் துளை போட்டு, பழையதைவிட நீளமான திருகைப் பூட்ட வேண்டும். தீக்குச்சி சொருகுவது பொங்கல் வரை தாங்கும், அடுத்த ஐப்பசிக்குத் தாங்காது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு என்றால் இரும்புத் திருகே வேண்டாம். பித்தளையோ 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுங்கள். சாதாரணமாகக் கிடைக்கிற 304 கூட தேவனாம்பட்டினம் கடல்காற்றில் கொஞ்ச நாளில் பழுப்புப் பிடிக்கிறது.

நிஜமாகவே உப்பியிருந்தாலும் மழையில் இழைக்காதீர்கள். உரசுகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, எவ்வளவு என்று நிலை ஓரத்தில் எழுதி வையுங்கள். அதுவரை மெழுகுவர்த்தியைத் தேய்த்துச் சமாளியுங்கள். மாசி, பங்குனியில் மரம் காய்ந்த பிறகு அந்த அளவு மட்டும் இழைத்து, அன்றைக்கே வார்னிஷோ பெயின்டோ அடிக்க வேண்டும். முன், பின், இரண்டு பக்க ஓரம், தலை, அடி என்று ஆறு பக்கமும். தலையையும் அடியையும் யாரும் பார்ப்பதில்லை என்பதற்காக அங்கே பெயின்ட் அடிக்காமல் விடுகிறீர்களே, கதவு தண்ணீர் குடிப்பதே அந்த வழியாகத்தான். மழையில் இழைத்தால் பூச்சில்லாத மரம் வெளியே தெரிந்து இன்னும் ஈரத்தை இழுக்கும், மறுபடி இறுக்கும், மறுபடி இழைப்பீர்கள். அப்புறம் கோடையில் பூட்டு நாக்கு எட்டாது. உண்மையில் நிறையக் கதவுகளுக்கு இந்த ஆறு பக்கப் பூச்சு போதும், இழைப்பே தேவைப்படாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பாத்ரூம் கதவு. புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஒரு பாட்டி உள்ளே மாட்டிக்கொண்டு, கதவை உடைத்துத்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கிற வீட்டில் பாத்ரூம் கதவு இறுக்கினால் மழையோ வெயிலோ அன்றைக்கே இழையுங்கள். தயவுசெய்து உள்பக்கக் கீழ்த் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கிற தாழ்ப்பாள் கடையில் கிடைக்கிறது. பெரிய செலவில்லை.

வெள்ளத்தில் ஊறிய கதவு பற்றியும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை. இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து பெண்ணையாற்றங்கரை வீடுகளில் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் வீட்டைப் பொங்கலுக்குள் பளிச்சென்று ஆக்கிவிட வேண்டுமென்ற அவசரம். உள்ளே ஈரம் குடித்த நிலைக்கும் கதவுக்கும் பட்டி பார்த்து எனாமல் அடித்துவிட்டார்கள். ஈரம் வெளியே போக வழியில்லை. ஆடி மாதம் நான் போய் ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் நிலையின் அடி புட்டு மாதிரி உதிர்கிறது. ஊறின மரத்தைக் கழுவி, நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு மூன்று மாதமாவது விட வேண்டும். கதவைக் கழற்றி வெயிலில் சாய்த்து வைத்தால் முறுக்கிக்கொள்ளும். பிளைவுட் ஃபிளஷ் கதவின் ஏடு பிரிந்துவிட்டதா? அதற்கு நானும் ஒன்றும் செய்ய முடியாது, விட்டுவிடுங்கள்.

நிலையின் அடி மட்டும் உளுத்திருந்தால் முழு நிலையையும் பெயர்க்க வேண்டியதில்லை. கெட்டதை நல்ல மரம் தெரிகிறவரை சாய்வாக அறுத்து, புதுத் துண்டைச் சேர்க்கலாம். "சிமெண்ட் வெச்சுப் பூசிடுங்க" என்கிறவர்களிடம் என்ன சொல்ல? மரத்தோடு சிமெண்ட் ஒட்டாது. நடுவில் தண்ணீர் தேங்கி, பாக்கியையும் தின்றுவிடும். மண் கோடு ஏறியிருந்தால் அது கரையான். மண்ணெண்ணெய் ஊற்றினால் கண்ணில் பட்டது சாகும், தரைக்கு அடியில் இருக்கிற கூட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. தரையில் துளை போட்டு மருந்து இறக்க வேண்டும். அது பூச்சி மருந்துக்காரர் வேலை. மண் கோடு இல்லாமல் சின்னச் சின்ன ஓட்டையிலிருந்து மாவு கொட்டினால் அது வண்டு, அதற்கு வைத்தியம் வேறு.

பழைய பெயின்டைச் சுரண்டும்போது குழந்தைகளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். உங்கள் தாத்தா அடித்த பச்சை பெயின்டில் என்ன இருக்கிறதோ. காய்ந்தபடி தேய்க்காமல், தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போடச் சொல்லுங்கள். புதுச்சேரி பழைய வீடுகளின் இலை வைத்த (சாய்த்துத் திருப்புகிற மரப்பட்டை வைத்த) ஜன்னல்களில் பத்துப் பூச்சு இருக்கும். இலை திரும்பாமல் பெயின்டிலேயே ஒட்டிக் கிடக்கும். அதன் மேல் பதினொன்றாவது பூச்சு அடிக்கக் கூப்பிடுவார்கள்.

ஜன்னல் கம்பி, கிரில் விஷயத்தில் கெஞ்சியே கேட்கிறேன். துரு பிடித்தால் இரும்பு உப்பும். சட்டத்துக்குள் புதைந்த நுனி உப்பினால் மரமும் பூச்சும் பிளக்கும், பிளவில் தண்ணீர் போகும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், அடியில் கம்பி ஊசி மாதிரி தேய்ந்திருக்கும். மாடி ஜன்னலில் குழந்தை ஏறி நிற்கிற கம்பி அது. வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கம்பியையும் அடியில் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

யுபிவிசி என்கிற பிளாஸ்டிக் சட்ட ஜன்னல் போட்டவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. கீழ்ச் சட்டத்தில் வெளிப்பக்கம் இருக்கிற சின்ன ஓட்டை தண்ணீர் வெளியேறத்தான். அதைச் சிலிகான் போட்டு அடைத்துவிட்டு "மழைத்தண்ணி உள்ள வருது" என்று என்னைக் கூப்பிடாதீர்கள்.

புயல் நாளில் எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று வெளியேறி வீடு தப்பிக்கும் என்று ஒரு நம்பிக்கை இந்தப் பக்கம் உண்டு. அது தப்பு. 2011 டிசம்பர் 30 தானே புயலில் காற்று மணிக்கு 140 கி.மீ. வரை அடித்தது. அப்படி அடிக்கும்போது உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும். ஷீட் கூரை என்றால் கேட்கவே வேண்டாம். எல்லாவற்றையும் மூடி, தாழ்ப்பாள் போடுங்கள். அந்தத் தாழ்ப்பாள் விழுகிறதா என்பதைப் புரட்டாசிக்குள் பாருங்கள், புயல் சின்னம் என்று டிவியில் சொன்ன பிறகு அல்ல. அந்த இரண்டு நாளில் எனக்கு நாற்பது போன் வரும். நான் ஒரு ஆள்.

அந்த ஆசிரியை அம்மா வீட்டுக் கதவுக்குப் புதுப்பூட்டு வாங்கவில்லை. கீல் ஓட்டைகளை அடைத்து, நீளத் திருகு பூட்டிக் கதவைத் தூக்கினேன். பூட்டுப் பக்க ஓரத்தில் தேக்குப் பட்டை ஒன்றைத் தண்ணீர் தாங்குகிற பசையில் ஒட்டி, ஆறு பக்கமும் வார்னிஷ் அடித்தேன். பழைய பூட்டே பிடித்துக்கொண்டது. பட்டை மட்டும் புது மரம், பழைய மரத்துக்குப் பக்கத்தில் வெளுப்பாகத் தெரிந்தது.

"சாயம் ஏதாச்சும் போட்டு மறைச்சிடலாமா தம்பி?" என்று கேட்டார்.

"இருக்கட்டும்மா, அடுத்து இழைக்க வர்ற ஆள் கண்ணுல படட்டும்" என்றேன்.