பாம்புக்கு உரிமம் எங்கே வாங்குவது, டாக்டர்?

சனிக்கிழமை மாலை. கடைசியாக வந்த முயலை அனுப்பிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஓர் அம்மாவும் தொழிற்கல்லூரி வயது மகனும் என் கால்நடை மருந்தகத்துக்குள் வந்தார்கள். மகன் தோளில் விளையாட்டுப் பை. “பூனையா?” என்று கேட்டேன். அம்மா மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். எனக்குப் புரிந்துவிட்டது.

பைக்குள் ஒரு தலையணை உறை. உறைக்குள் மூன்றடிக்குச் சற்றுக் கூடுதலான மலைப்பாம்பு. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இனம். வளர்ப்பவர்கள் பால் பைத்தான் (ball python) என்பார்கள். பயந்தால் பந்துபோலச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும், பெயரே அதனால்தான். இதற்குச் சுருளக்கூடத் தெம்பில்லை. தலையை மேலே தூக்கி, வாயை லேசாகத் திறந்து மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்கோரத்தில் ஒரு குமிழ் ஊதி உடைந்தது. வால் நுனியில் உரியாமல் தங்கிய பழைய தோல் மோதிரம்போல இறுகி, அதற்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

நான் கையுறை மாட்டுவதற்குள் அம்மா கேட்டார்: “டாக்டர், இதற்கு உரிமம் எங்கே வாங்குவது? எவ்வளவு கட்டணமானாலும் கட்டிவிடுகிறோம்.”

இந்த ஆண்டில் இந்தக் கேள்வி என் மேசைக்கு வருவது நான்காவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

உரிமம் இல்லை. இன்னும் வாங்கவில்லை என்கிற ‘இல்லை’ அல்ல, அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்கிற ‘இல்லை’. சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க அனுமதியுள்ள ஊர்வன இரண்டே இரண்டு: சிவப்புக் காது ஆமை, மலாயாப் பெட்டி ஆமை. அத்தோடு பட்டியல் முடிந்தது. பாம்பு எதுவும் அதில் இல்லை. விஷமில்லாததும் இல்லை, குட்டியும் இல்லை, ‘கடிக்கவே கடிக்காது டாக்டர்’ வகையும் இல்லை. கட்டணம் கட்டலாம் என்றால் எந்தப் படிவத்தோடு கட்டுவது? படிவமே கிடையாதே!

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பல ஆண்டுகள் தடைசெய்யப்பட்டிருந்த பூனைக்கு 2024 செப்டம்பர் 1 முதல் உரிமம் வந்தது. ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை. நல்ல மாற்றம்தான். ஆனால் அன்றிலிருந்து, தடை என்றால் தற்காலிகம், கொஞ்சம் பொறுத்தால் அடுத்து நம் பாம்புக்கும் வரும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். பூனை வேறு வரிசை, பாம்பு வேறு வரிசை. எத்தனை நாள் நின்றாலும் இந்த வரிசை நகராது.

இன்னொரு காரணம் காணொளிகள். அந்தத் தம்பி கைத்தொலைபேசியை நீட்டி, “இங்கே பாருங்கள், மலைப்பாம்புக்கு உரிமம் உண்டு என்று போட்டிருக்கிறதே” என்றான். வாங்கிப் படித்தேன். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில விதி! அங்கே கார்ப்பெட் பைத்தான் போன்ற உள்நாட்டு மலைப்பாம்புகளை, வளர்ப்பகத்தில் பிறந்தவையாக இருந்தால், உரிமம் எடுத்து வளர்க்கலாம். வெளிநாட்டுப் பாம்பைத் தனியார் வைத்திருக்க அங்கே அனுமதி இல்லை. அதாவது, அவன் ஆதாரமாகக் காட்டிய அதே ஊரில் அவன் பையில் இருந்த பாம்பு சட்டவிரோதம். பிரிட்டனில் இதற்கு நேர்மாறு. பால் பைத்தான் வளர்க்க அங்கே உரிமமே வேண்டாம். கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவில், இன்னொரு சட்டம். ஜோகூர் பாருவில் கொடுத்த எந்தத் தாளும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் உங்களைக் காப்பாற்றாது.

“வளர்ப்பகத்தில் பிறந்தது, காட்டில் பிடித்ததல்ல” என்பது அடுத்த வாதம். மலைப்பாம்பு இனங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்பாட்டின் பட்டியல்களில் உள்ளவை; பெரும்பாலானவை இரண்டாம் பட்டியலில், இந்திய மலைப்பாம்பு முதல் பட்டியலில். வளர்ப்பகத்தில் பிறந்ததானாலும் எல்லை தாண்ட அனுமதி வேண்டும். இரண்டாம் பட்டியல் இனத்தை அனுமதியின்றிக் கொண்டுவந்தால் உயிர் ஒன்றுக்கு 50,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், சிறையும் உண்டு. குறுஞ்செய்திக் குழுவில் விற்றவர் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார். அந்தத் தம்பியிடம் “உரிமம் பிறகு வரும்” என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார்.

“சரி, வெளிநாட்டுப் பாம்பு வேண்டாம். நம் புளோக் அருகே கால்வாயில் கிடைத்த குட்டி, அது இந்த மண்ணைச் சேர்ந்ததுதானே?” என்று சென்ற மாதம் ஒருவர் கேட்டார். கோபத்தை அடக்கிக்கொண்டேன். உடலெங்கும் வலை பின்னியதுபோல் கோலம் கொண்ட அந்த மலைப்பாம்பு சிங்கப்பூர் மண்ணுக்கும் உரியதுதான். உலகிலேயே மிக நீளமான பாம்பு இனமும் அதுதான். இருபது அடியைத் தாண்டவும் கூடும். கால்வாய்களில் எலி தின்று நமக்கு ஊழியம் செய்கிறது. இந்த மண்ணுக்கு உரியது என்பதாலேயே அது உங்களுக்கு உரியதாகிவிடாது. வனவிலங்குச் சட்டத்தின்படி அனுமதியின்றிப் பிடிப்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. பாதுகாக்கப்பட்ட இனமென்றால் 50,000 வெள்ளி, 2 ஆண்டு வரை போகும்.

அலுத்துப்போய்ப் பூங்காவில் விட்டுவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். அதுவும் குற்றம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் செல்லமாக வளர்த்த பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும் கைவிடப்பட்டும் சதுப்புநிலத்தில் பெருகின. அவற்றைத் தேடிப் பிடிக்க 2017இல் தமிழ்நாட்டிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற, பாம்பு பிடிப்பதில் வல்ல இருளர் பழங்குடியினர் இருவரை வரவழைத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நமக்குப் பெருமைதான். ஆனால் அந்த நிலைமை இங்கே வரவேண்டுமா?

மருத்துவராக எனக்கு ஆற்றாமை வேறு இடத்தில். அந்தப் பாம்பு இருந்தது பையனின் படுக்கையறையில், ஒரு நெகிழிப் பெட்டியில். அவனுக்கு 22 டிகிரியில் குளிரூட்டி ஓடினால்தான் தூக்கம் வரும். பாம்புக்கோ பெட்டியின் ஒரு மூலையாவது 31, 32 டிகிரியில் இருக்க வேண்டும். இரவு முழுக்கக் குளிரில் கிடந்தால் நுரையீரல் தொற்று வராமல் என்ன செய்யும்? உயிருள்ள எலியை உள்ளே போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போவோர் உண்டு. பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். முதுகெலும்பு தெரியும் காயத்துக்கு நான் தையல் போட்டிருக்கிறேன். வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் சால்மொனெல்லாக் கிருமி பற்றியும் நான் பேச வேண்டும். பாம்பு பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும், அதன் கழிவில் கிருமி இருக்கும்.

பெட்டிக்குள் ஒரு எவர்சில்வர் கிண்ணமும் இருந்தது, பையன் எடுத்த படத்தில் பார்த்தேன். ஓரத்தில் காய்ந்த வெள்ளைத் தடம். “வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்சம் பால் வைப்பேன், டாக்டர்” என்றார் அம்மா தயங்கியபடி. அவரை நான் கடிந்துகொள்ளவில்லை. பாம்பு பால் குடிக்காது என்று மட்டும் சொன்னேன். குமிழைத் துடைத்து, வெதுவெதுப்பான துண்டில் பாம்பை வைத்தபின், விலங்கு விவகாரங்களையும் கவனிக்கும் தேசியப் பூங்காக் கழகத்துக்கு என் மேசையிலிருந்தே அவரைப் பேசச் சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனால் ஒன்றையும் மறைக்காமல் பேசினார்.

வீட்டுக்குள் காட்டுப் பாம்பு நுழைந்துவிட்டால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குழந்தைகளையும் பூனையையும் வேறு அறைக்கு மாற்றுங்கள், கதவைச் சாத்துங்கள், கீழே உள்ள எண்ணை அழையுங்கள். துடைப்பக் கட்டையும் வெந்நீரும் வேண்டாம். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். இப்போதெல்லாம் படை கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு கிட்டே போகிறது. தள்ளி நில்லுங்கள்.

வாங்கிய பாம்பு ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து, இன்றைக்கே தேசியப் பூங்காக் கழகத்தின் 24 மணி நேர எண்ணை அழையுங்கள்: 1800-476-1600. தண்டனை இருக்காது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அண்டைவீட்டார் புகார் கொடுத்து அதிகாரிகள் கதவைத் தட்டுவதைவிட நீங்களாகச் சொல்வது மேல் என்று மட்டும் சொல்வேன். பாம்பைப் பையில் போட்டு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவர வேண்டாம். காற்றுத் துளை உள்ள பெட்டியை மூடி, குளிரூட்டியை அணைத்துவிட்டு, அவர்கள் வரும்வரை காத்திருங்கள். இரை கொடுக்காதீர்கள், வயிறு நிறைந்த பாம்பைத் தூக்கினால் கக்கிவிடும். கிண்ணத்தில் தண்ணீர் போதும். அம்மாமார்களே, பால் வேண்டாம்.