உளவாளி போடும் வேஷத்தை முதலில் பாருங்கள்

உளவாளிப் படத்தின் திரைக்கதை வாசிப்புக்கு வந்தால், வில்லன் எந்த மதம், எந்த ஊர் என்றுதான் எல்லோரும் முதலில் தேடுகிறார்கள். வில்லன் முஸ்லிமாக இருந்தால், ஈடுகட்ட ஒரு நல்ல முஸ்லிம் அதிகாரியைச் சேர்ப்பார்கள். அவர் பெரும்பாலும் இடைவேளைக்கு முன்பே குண்டடிபட்டுச் செத்துப்போவார். இதனால் பயன் எதுவும் இல்லை.

பார்க்க வேண்டியது நாயகனின் வேஷத்தை. கும்பலுக்குள் நுழைய அவன் மாட்டிக்கொள்ளும் தாடி, தொப்பி, கண்ணுக்கு இடும் சுர்மா எல்லாம் சேர்ந்துதான் ‘ஆபத்தானவன் இப்படித்தான் இருப்பான்’ என்று படம் தரும் வரையறை. வேஷம் கலைந்து, மழித்த முகத்தோடு அவன் ‘நம்ம ஆள்’ ஆகும்போது அந்த வரையறை உறுதியாகிவிடும். அதன்பின் நல்லிணக்க வசனம் எத்தனை பக்கம் எழுதினாலும் எடுபடாது. வியாசர்பாடிக்குள் நுழைய லுங்கியும் சென்னைத் தமிழும், வெளியே வந்ததும் திருத்தமான தமிழும் என்று எழுதினாலும் நடப்பது இதேதான்.

திரைக்கதைப் பிரதியில் இரண்டு நிறம் தீட்டுங்கள். மதம், சாதி, வட்டாரம் தெரியும் இடங்களுக்குப் பச்சை. மிரட்டல், ஆயுதம், ரத்தத்துக்குச் சிவப்பு. பிறகு பச்சை மட்டும் உள்ள காட்சிகளைத் தேடுங்கள்: கடைக் கணக்கு, பள்ளிக்கூட ஃபீஸ், மாமியார் சண்டை. அப்படி ஒன்றுகூடத் தேறாவிட்டால், அந்தச் சமூகம் உங்கள் படத்துக்குள் பயமுறுத்த மட்டுமே வருகிறது.

இதைப் படப்பிடிப்புக்கு முன்பே செய்துவிட வேண்டும். எடுத்து முடித்த பிறகு கையில் இருப்பவை மியூட், பிளர், வெட்டு மட்டுமே. 2013-ல் வெளிவந்த ‘விஸ்வரூபம்’ தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படம். அதன் உளவாளி நாயகனும் முஸ்லிம்தான். இருந்தும் முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பால் 144 தடை உத்தரவில் சிக்கி, சில இடங்களை மாற்ற ஒப்புக்கொண்ட பிறகே பிப்ரவரி 7 அன்று தமிழ்நாட்டில் வெளியானது. ஒரு படத்தைத் தடை செய்வது சரியா என்பது வேறு விவாதம்; தடை தவறு என்பதே என் கருத்து. ஆனால் நாயகனின் மதத்தைக் காட்டி மற்றக் காட்சிகளுக்குக் கணக்குத் தீர்க்க முடியாது என்பதை அப்போதே பார்த்துவிட்டோம்.

படத்தின் கலை இயக்கப் பிரிவில் அதிகம் சறுக்கும் இடம் கொடி. பச்சைத் துணியில் வெள்ளைப் பிறையும் நட்சத்திரமும் இருந்தாலே பாகிஸ்தான் கொடி என்று உதவியாளர் எடுத்துக்கொள்கிறார். 1948 மார்ச் 10 அன்று இதே சென்னையில் தொடங்கிய இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் கொடியிலும் அவை உண்டு. பாகிஸ்தான் கொடியில் கம்பத்தை ஒட்டி வெள்ளைப் பட்டை இருக்கும். லீக் கொடியில் கிடையாது. இணையத்தில் எடுத்த அரபி எழுத்தை அப்படியே தீவிரவாதியின் சுவரில் ஒட்டுவது இன்னும் மோசம். அது கலிமாவாகவோ (இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழி) குர்ஆன் வசனமாகவோ இருக்கலாம். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் பிரிண்ட் கொடுக்காதீர்கள்.

பேச்சிலும் இதே அசட்டைதான். மண்ணடிக் கடைக்காரரை ‘நம்பள்கி, நிம்பள்கி’ என்று பேசவிடுகிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரைக் குடும்பத்தில் அப்பாவுக்கு ‘வாப்பா’. ராவுத்தர் வீடுகளில் ‘அத்தா’. இரண்டு வீட்டிலும் பேசுவது தமிழ். ஈழத்துப் பாத்திரத்தின் வாயில் நாலு இடத்தில் ‘கதைக்கிறது’ வைத்தால் போதாது. யாழ்ப்பாணமா மட்டக்களப்பா என்று முதலில் முடிவு செய்து, அந்த ஊர்க்காரரை டப்பிங்கில் உட்கார வையுங்கள்.

அரசுத் தரப்பையும் சரிபாருங்கள். ‘ரா’ வெளிநாட்டு உளவு அமைப்பு. கைது செய்யும் அதிகாரம் அதற்கு இல்லை. நம் படங்களில் அதன் அதிகாரிதான் திருவல்லிக்கேணியில் கதவை உடைத்து விலங்கு மாட்டுகிறார்!

இத்தனையும் சரியாக அமைந்த பிறகு பின்னணி இசையில் கெட்டுப்போவதுண்டு. பாங்கு ஒலித்ததும் வெடிச்சத்தம், முக்காடு போட்ட பெண் திரும்பியதும் அரபி ஆலாபனை என்று வைத்தால், நீங்கள் பிரித்து வைத்த பச்சையும் சிவப்பும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். நிறம் தீட்டிய பிரதியின் ஒரு நகலை இசையமைப்பாளருக்கும் ஒலிக்கலவை செய்பவருக்கும், ரீரெக்கார்டிங் தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள்.