தேவாங்குக்காக எழுப்பிய கண்டம்

கரூர், திண்டுக்கல் மாவட்டங்கள் தொட்டுக்கொள்ளும் கடவூர் மலைக்காட்டில் இரவில் டார்ச் அடித்தால், ஏதாவதொரு கிளையில் இரண்டு தணல் துண்டுகள் அசையாமல் நிற்கும். தேவாங்கின் கண்கள். எடை கால் கிலோ தேறினால் அதிகம். கைகால்கள் குச்சி குச்சியாக இருக்கும். முகத்தில் பாதியைக் கண்களே எடுத்துக்கொண்டிருக்கும். மெலிந்த பிள்ளைகளைத் 'தேவாங்கு' என்று கேலி செய்தே பழகிய நாம், இதற்கென்று 11,806 ஹெக்டேரில் சரணாலயம் அறிவித்தது 2022-இல்தான். அதைவிடப் பெரிய இடத்தை இந்தப் பிராணிக்கும் அதன் உறவுகளுக்கும் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் ஒதுக்கியிருந்தார்: ஒரு கண்டத்தை.

அவர் லண்டன் விலங்கியல் சங்கத்தின் செயலாளராக இருந்த பிலிப் ஸ்கிளேட்டர். மடகாஸ்கர் தீவு அவரைக் குழப்பியது. குரங்கின் தூரத்துச் சொந்தமான லெமூர்கள் அங்கே வகைவகையாக நிறைந்திருந்தன. பக்கத்திலிருக்கும் ஆப்பிரிக்காவில் அந்தச் சொந்தத்தில் சிலதான் இருந்தன. கடலுக்கு இந்தப் பக்கம், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும், தேவாங்கு உட்கார்ந்திருந்தது. இடையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தண்ணீர். நீந்தி வந்திருக்க வழியில்லை. எனவே நடந்து வந்திருக்க வேண்டும். நடக்க நிலம் வேண்டும். அந்த நிலம் இன்று இல்லை என்றால், மூழ்கியிருக்க வேண்டும். 1864-இல் அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். லெமூர் என்ற சொல்லையே இறந்தவர்களின் ஆவியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்துதான், உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் எடுத்திருந்தார். 'பேய்நாடு' என்று தமிழில் சொன்னாலும் தவறில்லை.

இதைப் படித்துச் சிரிப்பது எளிது. ஆனால் அன்றைய அறிவுக்கு இது ஒழுங்கான வாதம். மலையுச்சிகளில் கடற்சிப்பிகள் கிடைத்துக்கொண்டிருந்தன. ஆகவே தரை ஏறும், இறங்கும் என்பதை எல்லோரும் ஏற்றிருந்தார்கள். தரை பக்கவாட்டில் நகரும் என்று மட்டும் பெரும்பாலும் யாரும் நினைக்கவில்லை. கண்டங்கள் ஆணியடித்தாற்போல் இருந்த இடத்திலேயே இருக்கின்றன என்பதை ஒரு கோட்பாடாகக்கூட எவரும் எழுதிவைக்கவில்லை. அது காற்றைப் போல எங்கும் இருந்தது. கண்டம் அசையாது என்றால் விலங்குதான் அசைய வேண்டும், அதற்குப் பாலம் போட்டாக வேண்டும். அந்தக் காலத்துப் புவியியலாளர்கள் அட்லாண்டிக்கிலும் இப்படிப் பாலம் போட்டிருக்கிறார்கள். லெமூரியா என்ற கண்ணுக்குத் தெரிந்த ஊகம், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பெரிய கோட்பாட்டுக்கு முட்டுக் கொடுத்து நின்றது. என்னைக் கேட்டால், கோட்பாடுகளில் ஆகப் பலமானவை இப்படிப் பெயரில்லாமல் இருப்பவைதான்.

லெமூரியா சும்மா கிடக்கவும் இல்லை. ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் மனித இனமே அங்கே தோன்றியிருக்கலாம் என்றார். அவருடைய எழுத்தால் ஈர்க்கப்பட்ட டச்சு மருத்துவர் யூஜின் டுபுவா வேலையை விட்டுவிட்டுக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறினார். 1891-இல் ஜாவாவில் ஆதிமனிதனின் மண்டையோட்டை எடுத்தேவிட்டார். தப்பான வரைபடத்தை வைத்துக்கொண்டு சரியான புதையலைத் தோண்டியெடுத்த கதை.

இதில் எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு. லெமூரியாவைத் தீர்த்துக்கட்டும் சான்று, அது பிறப்பதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே இந்தியாவிலிருந்து கிடைத்துவிட்டது. 1802-இல் பரங்கிமலை அருகே லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி சங்கிலி பிடித்து அளந்து தொடங்கிய நில அளவை வடக்கே போய்க்கொண்டே இருந்தது. கல்யாண்பூர், கல்யாணா என்ற இரண்டு இடங்களுக்கு நடுவே, ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில், நட்சத்திரங்களை வைத்துக் கண்ட அளவும் முக்கோண அளவையும் சுமார் 160 மீட்டர் உதைத்தன. நட்சத்திர அளவுக்குச் செங்குத்தைக் காட்டும் தூக்குநூல் குண்டை இமயமலை தன் பக்கம் இழுத்திருக்கும் என்று பிராட் என்ற பாதிரியார் கணக்குப் போட்டார். கணக்குப்படி அந்த இழுப்பு மூன்று மடங்கு இருந்திருக்க வேண்டும்! அத்தனை பெரிய மலை ஏன் இவ்வளவு குறைவாக இழுக்கிறது? 1855-இல் ஜார்ஜ் ஏரி என்ற பிரிட்டிஷ் வானியலாளர் விடை சொன்னார்: தண்ணீரில் மரக்கட்டை மிதப்பதுபோல, மலைகள் அடியிலுள்ள கனமான பாறைமீது மிதக்கின்றன, வெளியே தெரிவதைவிட உள்ளே போயிருக்கும் வேர் பெரியது, அது லேசான பாறை.

கண்டங்களுக்கும் இதே கதைதான். கண்டம் பெரும்பாலும் கருங்கல் வகை. அது ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.7 கிராம். கடலடித் தரையான எரிமலைப் பாறை 3 கிராமை நெருங்கும். அதற்குக் கீழே இருப்பது இன்னும் கனம். கட்டையைக் கையால் அமுக்கலாம், கையை எடுத்தால் மேலே வந்துவிடும். ஒரு கண்டம் முழுசாகக் கடலடியில் போய்ப் படுத்துக்கொள்ள முடியாது.

1912-இல் ஜெர்மானிய வானிலையாளர் ஆல்ஃபிரட் வெக்னர் பிடித்துக்கொண்டது இந்த முரணைத்தான். கடலின் இரு கரைகளிலும் ஒரே புதைபடிவங்கள் கிடைக்கின்றன. நடுவே இருந்த நிலம் மூழ்கவும் முடியாது. அப்படியானால் கரைகள்தான் விலகிப் போயிருக்கின்றன. எது தள்ளியது என்று கேட்டவர்களுக்கு அவரிடம் நல்ல பதில் இல்லை. 1930-இல் கிரீன்லாந்துப் பனியில் இறந்துபோனார்.

பதில் வந்த இடம்தான் விசேஷம். 1962-இல் பிரிட்டிஷ் அளவைக் கப்பலான ஓவன், இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே கடலடியில் ஓடும் மலைத்தொடரான கார்ல்ஸ்பெர்க் முகட்டின் மேல் காந்தமானியை இழுத்துக்கொண்டு போனது. (டென்மார்க்கின் பீர் ஆலை அறக்கட்டளை ஒன்று செலவு செய்த ஆய்வுப் பயணத்தால் வந்த பெயர் அது.) முகட்டின் பிளவில் கீழிருந்து குழம்பு கசிந்து இறுகும்போது, அந்தக் கணத்தின் காந்தத் திசை அதில் உறைந்துவிடும். பூமியின் காந்தப்புலமோ அவ்வப்போது தலைகீழாகும். ஆகவே முகட்டின் இரு பக்கமும் பட்டை பட்டையாக, கண்ணாடியில் பார்த்தாற்போல ஒன்றுக்கொன்று ஒத்த பதிவுகள் விழவேண்டும். பிரிட்டிஷ் புவியியலாளர்களான ஃபிரெட் வைனும் டிரம்மண்ட் மேத்யூஸும் அந்த அளவீடுகளுக்கு இந்தப் பொருளைச் சொன்னது 1963-இல். லெமூரியா மூழ்கிக் கிடப்பதாகச் சொன்ன அதே கடலின் அடியில் இருந்தது, புதிதாகப் பிறந்து இரு பக்கமும் விலகிக்கொண்டிருக்கும் தரை.

சரி, தேவாங்கு எப்படி வந்தது? இந்தியா மடகாஸ்கரிலிருந்து பிரிந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன். லெமூர்களின் மூதாதைகள் அந்தத் தீவில் கால்வைத்தது அதற்கு வெகு காலம் கழித்து. ஆப்பிரிக்க ஆற்றங்கரையில் வேரோடு பிடுங்கப்பட்ட மரங்களில் தொற்றிக்கொண்டு, சுமார் 400 கிலோமீட்டர் நீரைக் கடந்திருக்கும் என்பதே இப்போது பலரும் ஏற்கும் விளக்கம். அன்றைய நீரோட்டம் தீவை நோக்கிப் பாய்ந்தது என்று 2010-இல் வெளியான கணினி ஆய்வு ஒன்று காட்டியது. தேவாங்கின் முன்னோரோ ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியா வழியாகத் தரைமார்க்கமாக வந்ததாகக் கருதுகிறார்கள். கண்டம் மூழ்கவும் வேண்டியிருக்கவில்லை, அந்தப் பயணத்துக்கு நகரவும் வேண்டியிருக்கவில்லை.

விஞ்ஞானம் லெமூரியாவைக் கைகழுவுவதற்குள் அது தமிழ்நாட்டில் வேறு வேலையில் சேர்ந்துவிட்டது. பஃறுளியாற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல்கொண்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. மூழ்கிய நாடுகள் 49 என்று அடியார்க்குநல்லார் உரையில் கணக்கே வருகிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில நூல்கள் வழியாக ஹேக்கலின் கண்டம் சென்னைக்கு வந்தபோது, நம் கடல்கோளுக்கு ஐரோப்பியச் சான்றிதழ் கிடைத்ததாகவே படித்தவர்கள் மகிழ்ந்தார்கள். 1903-இல் பரிதிமாற் கலைஞர் எழுதிய மொழி வரலாற்றில் குமரிநாடு இடம்பெற்றது. அடிமைப்பட்ட ஒரு சமூகம் தன் தொன்மையை நிறுவத் துடித்த நேரம் அது. அந்தத் தவிப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் இரண்டு கதைகளுக்கும் கடல் ஒன்றே தவிர காலம் ஒன்றல்ல. ஸ்கிளேட்டரின் நிலம் கோடிக்கணக்கான ஆண்டுக் கணக்கு. நம் மனித இனத்துக்கோ வயது சுமார் மூன்று லட்சம்தான். அந்தக் கண்டம் இருந்திருந்தாலும் அதில் சங்கம் வைக்க ஆளில்லை.

மாறாக, பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணை அப்போது தரை. இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். குமரிமுனைக்குத் தெற்கேயும் நிலம் நீண்டு கிடந்தது. பனி உருகி நீர் ஏறியபோது மனிதர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். குமரிமுனைக்குத் தெற்கே உள்ள அந்த ஆழமில்லாத கடலுக்கு இப்போது வாட்ஜ் பேங்க் என்று பெயர். குமரி மாவட்ட மீனவர்கள் விசைப்படகில் போய் வலைபோடும் இடம்.