கூட்டுயிரி: கறையான் வயிற்றிலிருந்து ஒரு சொல் விளக்கம்

வேறொரு வகை உயிரோடு நெருங்கிச் சேர்ந்து வாழும் உயிர் கூட்டுயிரி. சிம்பயான்ட் என்பதற்கு ஈடாகத் தமிழில் புழங்கும் சொல் இது. அந்த வாழ்முறைக்குப் பெயர் சிம்பயாசிஸ். தமிழில் கூட்டுயிர் வாழ்க்கை, சுருக்கமாகக் கூட்டுவாழ்வு. 'இரண்டு உயிர்கள் சேர்ந்து வாழ்ந்து இரண்டும் பயன்பெறுவது' என்று பள்ளித் தேர்வில் எழுதிவிட்டு அதோடு விட்டுவிடுகிறோம். அந்த விளக்கத்தில் 'இரண்டு' என்பதும் போதாது, 'பயன்' என்பதும் போதாது. நீலகிரியில் ஒரு பழைய வீட்டின் உத்தரத்தை அரித்துக்கொண்டிருக்கும் கறையானின் குடலைப் பார்த்தாலே இது புரிந்துவிடும்.

முதலில் சொல்லின் பிறப்பு. கிரேக்கத்தில் 'சின்' என்றால் கூட, 'பயோஸ்' என்றால் வாழ்வு. மனிதர்கள் சேர்ந்து வாழ்வதைத்தான் பழைய கிரேக்கர்கள் அப்படிச் சொன்னார்கள். 1877-இல் ஆல்பர்ட் பிராங்க் இதை ஒட்டிய ஒரு சொல்லை லைக்கன்களுக்குப் பயன்படுத்தினார். அடுத்த ஆண்டே ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆன்டன் டி பாரி சிம்பயாசிஸ் என்பதை உயிரியலில் நிலைநிறுத்தினார். ஊட்டிப் பக்கம் சோலைமரக் கிளைகளில் சாம்பல் பச்சையாகத் தொங்குகிறதே, அது லைக்கன். செட்டிநாட்டுக் குழம்புக்குப் போடும் கல்பாசியும் லைக்கன்தான். பெயரில் பாசி என்று இருந்தாலும் அந்த உடலில் பெரும்பகுதி பூஞ்சை; பாசி உள்ளே குடியிருக்கிறது. வெவ்வேறு வகை உயிர்கள் சேர்ந்து வாழ்வது, அவ்வளவுதான் டி பாரி தந்த விளக்கம். யாருக்கு லாபம் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. ஒட்டுண்ணியின் வாழ்க்கையையும் அதற்குள்ளேயே அடக்கினார். பின்னால் வந்தவர்கள்தான் நல்ல உறவுக்கு மட்டும் அந்தப் பெயர் என்று சுருக்கிவிட்டார்கள்.

சரி, கறையானுக்கு வருவோம். அதன் பழைய பெயர் சிதல், சிதலை. சிதலை அரித்த ஆலமரத்தை அதன் விழுதே தாங்கி நிற்பதை நாலடியார் சொல்கிறது. ஏடு செல்லரித்துவிட்டது என்கிறோமே, அந்தச் 'செல்' இதன் உறவுதான். மலையாளத்தில் இன்றும் சிதல்தான், தெலுங்கில் செதலு. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் கூடலூர், பந்தலூர் பக்கம் அந்தப் பழைய சொல் அடிக்கடி காதில் விழும். உத்தரத்துக்குக் கீழே தரையில் கசகசா போல உருண்டைகள் கொட்டிக் கிடந்தால், மண்ணையே தொடாமல் காய்ந்த மரத்துக்குள் வாழும் கறையான் வந்துவிட்டது என்று பொருள். அந்த உருண்டைகள் அதன் எச்சம்.

அது எப்படி வெறும் மரத்தைத் தின்று உயிர் வாழ்கிறது? 1877-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜோசப் லீடி, அந்த ஊர்க் கறையானின் குடலைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்ததை எழுதினார். பல கறையான்களில் தின்ற மரத்தைவிட நெளியும் உயிர்களே அதிகமாக இருந்தன. அவற்றில் ஒன்றுக்கு ட்ரைகோநிம்பா என்று பெயரிட்டார். ஆனால் எல்லாவற்றையும் ஒட்டுண்ணிகள் என்றே எண்ணினார். அந்த எண்ணம் மாற ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது. 1920-களில் கிளீவ்லாண்ட் என்ற ஆய்வாளர் கறையான்களை 36 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் வைத்தார். குடலில் இருந்த உயிர்கள் செத்தன, கறையான்கள் சாகவில்லை. வழக்கம்போல மரத்தைத் தின்றன. ஆனால் தின்றதைச் செரிக்க முடியாமல் சில வாரங்களுக்குள் பட்டினியால் செத்தன. அந்த உயிர்களைத் திரும்பக் கொடுத்தபோது பிழைத்துக்கொண்டன. ஒட்டுண்ணி என்ற பெயர் அதோடு பொருந்தாமல் போயிற்று.

அந்தக் குடலுக்குள் என்னதான் நடக்கிறது? பின்குடல் ஒரு பை போலப் புடைத்திருக்கும். அதன் நடுப்பகுதியில் ஆக்சிஜன் கிடையாது. சுவரை ஒட்டி மட்டும் கொஞ்சம் கசியும். கசையிழைகளை அடித்து நீந்தும் ஒற்றை உயிரணு உயிரிகள் மரத்துகளை அப்படியே விழுங்கி, மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸை உடைத்து அசிடேட், ஹைட்ரஜன், கரியமில வாயு என்று பிரிக்கின்றன. அசிடேட்தான் கறையானுக்கு உணவு. ஹைட்ரஜனும் வீணாவதில்லை. சுருள் வடிவ பாக்டீரியாக்களான ஸ்பைரோகீட்டுகள் அதையும் கரியமில வாயுவையும் சேர்த்து இன்னும் கொஞ்சம் அசிடேட் செய்கின்றன. இதை அவை செய்கின்றன என்பது 1999-இல்தான் உறுதியானது. ஆர்க்கியா என்ற இன்னொரு நுண்ணுயிர்ப் பெருங்குலம் அதே ஹைட்ரஜனைக் கொண்டு மீத்தேன் ஆக்குகிறது. மரத்தில் நைட்ரஜன் மிகக் குறைவு; அதைக் காற்றிலிருந்து பிடித்துத் தரும் பாக்டீரியாக்களும் உள்ளே இருக்கின்றன. ஒரே கறையான் இனத்தின் குடலில் நூற்றுக்கணக்கான பாக்டீரியா வகைகள் வாழ்கின்றன. கறையானும் சும்மா இருப்பதில்லை: மரத்தைக் கடித்துப் பொடியாக்குகிறது, செல்லுலோஸை உடைக்கும் நொதியை அதுவும் சுரக்கிறது.

இதைவிட எனக்கு வியப்பானது, இது அடுக்கடுக்காகப் போவது. அந்தக் கசையிழை உயிரிகளில் ஒன்றான ட்ரைகோநிம்பாவின் உடலுக்குள்ளேயே வேறு பாக்டீரியாக்கள் குடியிருந்து, அமினோ அமிலங்கள் செய்து தருகின்றன. கறையானுக்குள் ஓர் உயிர், அதற்குள் இன்னோர் உயிர். வட ஆஸ்திரேலியக் கறையான் ஒன்றின் குடலில் வாழும் மிக்ஸோட்ரிகா என்ற ஒற்றை உயிரணு உயிரி இன்னும் விசித்திரம். அதன் மேனியில் அசையும் மயிரிழைகள் அதனுடையவை அல்ல. வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான ஸ்பைரோகீட்டுகள். அவை துடிக்க, அது நகர்கிறது.

இப்போது தமிழ்ச் சொற்களை எடைபோடலாம். சிலர் இணைவாழ்வு என்கிறார்கள். இணை என்றதும் ஜோடிதான் நினைவுக்கு வரும். நூற்றுக்கணக்கானவர் வாழும் குடலுக்கு அது பொருந்தாது. இலங்கைத் தமிழில் ஒன்றியவாழ்வு என்பார்கள். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள் நிறைய இருப்பதால் இங்கே அந்தச் சொல் அந்நியமும் இல்லை. அழகான சொல்தான், ஆனால் கலந்து ஒன்றாகிவிட்டது என்ற சாயல் அதில் இருக்கிறது. கூட்டு என்பதில் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம், யாரும் தன் உருவை இழப்பதில்லை. அதோடு, கூடு என்றால் உடல் என்ற பொருளும் நம்மிடம் உண்டு. கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்கிறோமே. கறையானின் கூட்டுக்குள் வாழ்வதால் அந்த வகையிலும் கூட்டுயிரி சரியாக வருகிறது. ஆகவே என் தேர்வு இதுதான்: உறவுக்குக் கூட்டுவாழ்வு, உள்ளே வாழ்வதற்கு அகக்கூட்டுயிரி, மிக்ஸோட்ரிகாவின் மேனியில் ஒட்டியிருப்பதற்குப் புறக்கூட்டுயிரி. இடம் கொடுக்கும் உயிருக்கு ஓம்புயிரி என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஓம்புதல் என்றால் பேணிக் காத்தல். கறையானுக்கு அது முழுக்கத் தகும். தோலுரிக்கும்போது குடலின் உட்சுவரும் கழன்று, உள்ளே இருந்த கசையிழை உயிரிகள் போய்விடும். பிறகு கூட்டத்தில் இன்னொன்றின் பின்துளையிலிருந்து வரும் திரவத்தைக் குடித்துத்தான் அவற்றைத் திரும்பப் பெறுகிறது. ஈசலாகப் பறந்து புதுக் குடி தொடங்கும்போதும் அவற்றை வயிற்றில் சுமந்தே போகிறது.

எல்லாக் கறையானுக்கும் இந்தச் சொற்களை அப்படியே போட முடியாது. முதுமலைக் காட்டில் கரடி தோண்டித் தின்னும் பெரிய புற்றுகளைக் கட்டும் வகையின் குடலில் மரத்தை விழுங்கும் அந்தக் கசையிழை உயிரிகள் இல்லை, பாக்டீரியாக்கள் உண்டு. கடினமான வேலையில் பெரும்பகுதியை அது வெளியே விட்டிருக்கிறது. புற்றுக்குள் ஒரு தோட்டம் போட்டு, மென்ற இலைதழையின் மேல் பூஞ்சை வளர்த்து, அதைத் தின்கிறது. மழைக்குப் பிறகு நாம் பறித்துவரும் புற்றுக்காளான் அந்தப் பூஞ்சையின் வெளித் தலை. அது கறையானின் உடலுக்குள்ளும் இல்லை, மேலும் இல்லை. அதனால் இங்கே ஓம்புயிரி, அகக்கூட்டுயிரி என்று பிரிக்காமல், இரண்டையும் கூட்டாளிகள் என்று எழுதுவதே சரி.