நீரில் கரையாத மருந்தை இரத்தத்தில் செலுத்துவது எப்படி?

பசிபிக் யூ மரப்பட்டையில் கண்டறியப்பட்ட பாக்லிடாக்சல், புற்றுநோய்ச் செல் பெருகுவதைத் தடுக்கும் வலுவான மருந்து. செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்குழல்கள் நொடிக்கு நொடி வளர்ந்தும் கலைந்தும் இயங்குபவை. பாக்லிடாக்சல் அவற்றைக் கலையவிடாமல் பிடித்து வைக்கிறது. பிரிவு நடுவில் நின்று, செல் மடிகிறது.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. இந்த மருந்து நீரில் ஏறக்குறையக் கரைவதே இல்லை. 1992இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது, ஆமணக்கெண்ணெயிலிருந்து தயாரித்த ஒரு கரைப்பானில் கலந்துதான் அதை இரத்தக்குழாயில் ஏற்றினார்கள். அந்தக் கரைப்பான் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கியது. எனவே முன்னதாகவே ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும். மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். நோயோடு போராடுபவர் மருந்தின் துணைப்பொருளோடும் போராட வேண்டியிருந்தது கொடுமைதான்.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த பாட்ரிக் சூன்-ஷியோங், லாஸ் ஏஞ்சலிஸில் உறுப்பு மாற்று அறுவை மருத்துவராக இருந்தவர். கணையத்தின் இன்சுலின் செல்களைக் கடற்பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட் உறைக்குள் வைத்து, 1993இல் நீரிழிவு நோயாளி ஒருவருக்குப் பொருத்தினார். சர்க்கரையும் இன்சுலினும் உறையைக் கடக்கும். நோய் எதிர்ப்புச் செல்கள் கடக்காது. எதை உடலுக்குள் வைக்கிறோம் என்பதைப் போலவே எதில் பொதிந்து வைக்கிறோம் என்பதும் முக்கியம் என்ற இந்த அணுகுமுறையே அவருடைய புற்றுநோய் மருந்திலும் தெரிகிறது.

அங்கே உறையானது அல்புமின். கொழுப்பு அமிலங்கள் போன்ற நீரில் கரையாத பொருள்களை நம் இரத்தத்தில் சுமந்து செல்லும் புரதம் இது. கரிமக் கரைப்பானில் கரைத்த பாக்லிடாக்சலை அல்புமின் கரைசலுடன் மிகுந்த அழுத்தத்தில் கலக்கிறார்கள். பிறகு கரைப்பானை ஆவியாக்கி நீக்குகிறார்கள். ஏறத்தாழ 130 நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் மிஞ்சுகின்றன. அரை மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். அந்த ஸ்டீராய்டும் பொதுவாகத் தேவையில்லை.

பரவிய மார்பகப் புற்றுநோய் ஆய்வில், பழைய வடிவத்தில் 19 விழுக்காட்டினருக்கும் புதியதில் 33 விழுக்காட்டினருக்கும் கட்டி சுருங்கியது. 2005இல் 'அப்ராக்சேன்' என்ற பெயரில் ஒப்புதல் கிடைத்தது. 2010இல் சூன்-ஷியோங்கின் நிறுவனத்தை செல்ஜீன் என்ற மருந்து நிறுவனம் சுமார் 290 கோடி டாலருக்கு வாங்கியது. மூலக்கூறு பழையதுதானே என்று இதைச் சிறிய வேலையாகக் கருதுபவர்களோடு நான் உடன்படமாட்டேன்.

குறையும் உண்டு. கூடுதல் அளவு கொடுக்க முடிந்ததால், கைகால் மரத்துப்போகும் கடுமையான நரம்புப் பாதிப்பு அதே ஆய்வில் 2 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாக உயர்ந்தது. மருந்தை இடைநிறுத்தியபின் பலருக்கு அது சில வாரங்களில் தணிந்தது.