ஃபார்மட் அடித்தால் ஸ்டீம் ஐடி வராது, தம்பி

இந்த மாதத்தில் இது நான்காவது. வேலைக்குப் போகிற பையன். சிபியூவைத் தூக்கிக்கொண்டு என் சர்வீஸ் கடைக்கு வந்தான். "அண்ணா, ஸ்டீம் ஐடி போயிடுச்சு. ஃபார்மட் அடிச்சா வந்துடும்ல?"

வராது. ஸ்டீம் என்பது கம்ப்யூட்டர் கேம்களை வாங்கி விளையாடும் ஆன்லைன் கடை. உங்கள் சிஸ்டத்தில் இருப்பது அதிலிருந்து இறக்கி வைத்த கேம் ஃபைல்கள். அக்கவுன்ட் இருப்பது ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் சர்வரில். விண்டோஸை நூறு முறை போட்டாலும், திருடியவன் மாற்றிய பாஸ்வேர்டு அங்கே அப்படியேதான் இருக்கும். வீட்டுப் பூட்டை எவனோ மாற்றிவிட்டான் என்று வந்து, வாசலில் நிற்கும் பைக்கைக் கழுவச் சொன்னால் எப்படி? ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டி டிரைவை மாற்றினால் வருமா என்று கேட்டவர்களும் உண்டு. மாற்றித் தருகிறேன், எனக்கு லாபம்தான். ஐடி வராது.

எபிக் என்ற இன்னொரு கேம் கடையில்தான் வாரம் தவறாமல் இலவச கேம் தருகிறார்களே, அங்கே போயேன் என்றேன். "அதுலயும் நூறு கேம் கிடக்குண்ணா, திறந்ததே இல்லை" என்றான். ஸ்டீம் மீது அப்படி ஒரு பிடிப்பு. இத்தனைக்கும் 2004-இல் ஹாஃப் லைஃப் 2 கேமை விளையாட ஸ்டீமையும் போட்டே ஆகவேண்டும் என்றபோது திட்டாத ஆள் இல்லை. 2015-இல் ஸ்டீமில் ரூபாய் விலை வந்தது. வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும் என்ற ஏற்பாடும் அதே வருடம்தான். நம் பையன்கள் ஸ்டீமிலேயே குடியேறிவிட்டார்கள். இவனுக்கு அப்பா கார்டில் வாங்கிய முதல் கேம், டோட்டா கேமில் போட்ட 1,400 மணி நேரம், ஹாஸ்டல் நண்பர்கள் எல்லாம் அந்த ஒரே ஐடியில். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு குறியீடு கேட்கும் 'ஸ்டீம் கார்டு' (Steam Guard) என்ற காவலைப் போடாமல் விட்டிருக்கிறான்!

ஐடி போன விதம் வழக்கமானதுதான். டிஸ்கார்ட் என்ற சாட் ஆப்பில் நண்பன் ஐடியிலிருந்து, "எங்க டீமுக்கு ஓட்டுப் போடுடா" என்று ஒரு லிங்க். பிரவுசர் ஹிஸ்டரியைத் தேடினேன். அது போலித் தளம், பாஸ்வேர்டைத் திருடத்தான். முகவரியில் ஸ்டீம் (steam) என்பதன் கடைசி 'எம்' (m) இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' (rn) இரண்டையும் ஒட்டி வைத்திருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

தயவுசெய்து இன்றைக்கே மொபைல் ஆப்பில் ஸ்டீம் கார்டைப் போடுங்கள். அது தரும் மீட்புக் குறியீட்டைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். மெயிலுக்கு வேறு பாஸ்வேர்டு. ஓட்டு, பரிசு, "தெரியாம உன்னை ரிப்போர்ட் பண்ணிட்டேன்" என்று எது வந்தாலும் லிங்கைத் தொடாதீர்கள். ஸ்டீம் ஊழியர் எவரும் டிஸ்கார்டில் உங்களிடம் பேச வரமாட்டார். டெலிகிராமில் 200 ரூபாய்க்கு ஐடி வாங்கும் புத்திசாலிகளே, அந்த ஐடியின் பழைய சொந்தக்காரன் ரசீதைக் காட்டினால் அது அவனுக்கே போய்விடும். அப்புறம், காசு கொடுக்காமல் இறக்கிய திருட்டு கேம் வழியாக வைரஸ் வந்திருந்தால் ஃபார்மட் தேவைதான். ஆனால் பாஸ்வேர்டை மாற்றுவது வேறொரு சுத்தமான போனிலிருந்து நடக்கட்டும்.

வாங்கிய ரசீது மெயில்களை அழிக்காதீர்கள். ஐடியை மீட்க ஸ்டீம் சப்போர்ட்டிடம் காட்டும் ஆதாரங்களில் அதுவும் ஒன்று. பையனின் அப்பாவுடைய பழைய ஜிமெயிலில் 2016 ரசீது ஒன்று கிடைத்தது. அதை வைத்து ஸ்டீம் சப்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். சிபியூ கடையில்தான் இருக்கிறது, தூசி மட்டும் தட்டி வைத்திருக்கிறேன்.