சகாவா, சமவயதினரா, ஒத்த பொறுப்பினரா?

"தொழில்முறைச் சமவயதினர் விவாதம்" என்ற தலைப்போடு ஓர் அறிவிப்பு பிழைதிருத்த வந்தது. ஆண்கள் இடைநிலைப் பள்ளிகளின் துணைத் தலைமையாசிரியர்கள் ஒன்றுகூடித் தங்கள் வேலையைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்கான அழைப்பு அது. அழைக்கப்பட்டவர்களில் நாற்பதைத் தொடாதவரும் இருந்தார், ஓய்வுபெற இரண்டே ஆண்டு மீதமுள்ளவரும் இருந்தார். இவர்கள் எப்படிச் சமவயதினர் ஆவார்கள்?

ஆங்கில மூலத்தில் இருந்த சொல் 'பியர்' (peer). உளவியல் பாடநூல்களில் வளரிளம் பருவத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் 'பியர் குரூப்' என்பதை ஒத்த வயதினர் குழு என்று எழுதுவார்கள். அங்கே அது சரி. பதினான்கு வயதுப் பையனுக்குப் பதினான்கு வயதுப் பையன்தான் பியர். அந்தப் பொருளை அப்படியே பெயர்த்தெடுத்து ஐம்பது வயதுக்காரர்களின் கூட்டத்துக்கு வைப்பதை இதோடு எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இனியும் பேசாமல் திருத்திக் கொடுத்துக்கொண்டிருக்க மனமில்லை.

சொல்லின் வரலாறு சுருக்கமானது. இலத்தீனில் 'பார்' என்றால் சமம். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'பியர்' ஆயிற்று. ஜோடி என்று பொருள்படும் 'பேர்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். 1215இல் இங்கிலாந்தில் எழுதப்பட்ட உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவின் 39ஆம் பிரிவு, ஒரு சுதந்திர மனிதனை அவனுக்குச் சமமானவர்களின் தீர்ப்பாலோ நாட்டின் சட்டத்தாலோ அன்றித் தண்டிக்கக்கூடாது என்கிறது. அங்கும் சொல் இதுவே. பின்னால் இங்கிலாந்தின் பிரபுக்களுக்கு அது பட்டப்பெயரானது வேறு கதை. இந்த வேரில் முளைத்த இன்னொரு சொல் நம் எல்லோருக்கும் தெரியும்: அம்பயர். 'நான்பெர்', அதாவது சமம் அல்லாதவர், இரு தரப்பிலும் சேராமல் வெளியே நிற்பவர். நாளடைவில் முதலெழுத்து உதிர்ந்து அம்பயர் ஆகிவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

ஆக, பியர் என்ற சொல்லின் உயிர் 'சமம்' என்பதில் இருக்கிறது. வயது, நட்பு, ஒரே இடத்தில் வேலை செய்வது எல்லாம் சில இடங்களில் கூட வருபவை, அவ்வளவுதான்.

'சமவயதினர்' என்பதை ஒரு வரியில் தள்ளிவிடலாம். எனக்கு உண்மையான சண்டை 'சக', 'சகா' என்ற இரண்டோடுதான். ஏனென்றால் நன்றாக எழுதுகிறவர்களே இவற்றைக் கையாள்கிறார்கள். சகாக்கள் கலந்துரையாடல், சக மதிப்பாய்வு, சகக் கற்றல் என்று எங்கும் பரவிவிட்டது. முதலில், இவை ஒரே சொல் அல்ல. 'சக' என்பது வடமொழி 'ஸஹ', அதாவது உடன், சேர்ந்து. 'சகா' வேறொரு வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது, அதற்குத் தோழன் என்று பொருள். தமிழில் ஒலி ஒன்றுபோல் ஆகிவிட்டதால் ஒன்றின் பன்மையாக மற்றதை எழுதுகிறார்கள்.

வடசொல் என்பதால் மட்டும் நான் இதை எதிர்க்கவில்லை. தனித்தமிழில் எனக்குப் பற்று உண்டு, ஆனாலும் பொருளைச் சரியாகச் சொல்லும் வடசொல்லைவிடத் தவறாகச் சொல்லும் தமிழ்ச்சொல் மேல் என்று சொல்ல மாட்டேன். என் குறை பொருளில்தான். 'சக' சமத்தைச் சொல்வதே இல்லை. சகோதரன் என்றால் ஒரே வயிற்றில் பிறந்தவன். அண்ணனும் தம்பியும் சகோதரர்கள்தாம், ஆனால் வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பது அவரவருக்குத் தெரியும். சக பயணி ஒரே வண்டியில் வருபவர். சகபாடி ஒன்றாகப் படித்தவர். எல்லாமே இடத்தைப் பகிர்வது பற்றிய சொற்கள். நிலை ஒன்றுதானா என்பதைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை.

இனி துணைத் தலைமையாசிரியரின் நிலையைப் பாருங்கள். அவருடைய பள்ளியில் அவருக்கு மேலே தலைமையாசிரியர், கீழே மற்ற ஆசிரியர்கள். இந்த இரு தரப்பையும் அவர் 'சக ஆசிரியர்' என்று அழைக்கலாம், தமிழ் இடம் கொடுக்கும். ஆனால் இருவரில் ஒருவர்கூட அவருக்குப் பியர் இல்லை. பல பள்ளிகளில் அந்தப் பதவியில் இருப்பவர் ஒரே ஒருவர். வகுப்புக்கு வராத ஆசிரியருக்கு மாற்று ஏற்பாடு, கால அட்டவணை, மாணவர் ஒழுக்கம், கோபத்தோடு வந்து நிற்கும் பெற்றோர் எல்லாம் முதலில் அவர் மேசைக்குத்தான் வரும். முடிவெடுக்கும் அதிகாரம் பாதி, விளைவைத் தாங்குவது முழுசு. ஆண்கள் பள்ளி என்றால் அதற்கே உரிய கவலைகளும் சேரும். அடிதடி, கேலி, மனதில் இருப்பதை வெளியே சொல்லாத பையன்கள், புத்தகத்தைத் தொடாத பையன்கள். பதினைந்து வயது மாணவர்களின் திறனை அளக்கும் பன்னாட்டு மதிப்பீடான பீசாவின் (PISA) 2022 சுற்றில், பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடியின் (OECD) உறுப்பு நாடுகளின் சராசரியில், வாசிப்பில் மாணவிகளைவிட மாணவர்கள் 24 புள்ளிகள் குறைவாகவே பெற்றார்கள். இதற்கு என்ன செய்கிறீர்கள் என்று மனம்விட்டுக் கேட்க அவருக்குச் சமமானவர் வேறொரு பள்ளியில்தான் இருக்கிறார். இந்தக் கூட்டங்கள் தோன்றியதே அதற்காகத்தான். தலைமையாசிரியரோ ஆய்வு அலுவலரோ வந்து உட்கார்ந்தால் பேச்சின் நிறம் மாறிவிடும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த அறையில் அவர் அம்பயர். 'சகாக்கள்' என்று அழைப்பில் எழுதினால் அவரும் வரலாம் என்றே பொருள். சமம் என்ற ஒரு கருத்தை விட்டுவிட்டதால் கூட்டத்தின் நோக்கமே அழைப்பிலிருந்து காணாமல் போகிறது.

சரி, அப்புறம் என்ன சொல்வது? 'இணையர்' எனலாமா? இணையற்ற என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்குப் பழைய வலிமை இருக்கிறது. ஆனால் அலுவலகத் தமிழ் அதை எடுத்து இணை இயக்குநர் ஆக்கிவிட்டது. அங்கே இணை இயக்குநர் இயக்குநருக்குக் கீழே, துணை இயக்குநருக்கு மேலே. சமம் என்று பொருள்பட்ட சொல் ஒரு படிக்கட்டின் பெயராகிவிட்டது. தவிர, இணையர் என்றால் இன்று பலருக்கு வாழ்க்கைத்துணைதான் நினைவுக்கு வரும். 'நிகர்நிலை'யைத் தொட்டால் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் குறுக்கே வந்து நிற்கும். 'ஒப்பார்' அழகான சொல், ஆனால் ஒப்புபவர், ஒப்பமாட்டார் என்று இரண்டு நேரெதிர்ப் பொருளுக்கும் அந்த ஒரே வடிவம்தான். கலந்துரையாடலுக்கு வருபவர்களை ஒப்பமாட்டாதவர்கள் என்று அழைக்க வேண்டாம்.

மிஞ்சுவது 'ஒத்த'. ஒத்தவர், ஒத்தோர். இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்தது, உடனே அது ஒரு கேள்வியை எழுப்புகிறது: எதில் ஒத்தவர்? தமிழ் இந்தக் கேள்வியை எப்போதோ கேட்டுவிட்டது. தலைவனும் தலைவியும் ஒத்திருக்க வேண்டும் என்று சொன்ன தொல்காப்பியம், பிறப்பு, குடிமை, ஆண்டு, உருவு எனப் பத்து ஒப்புகளைத் தனித்தனியே எண்ணிச் சொல்கிறது. வயது அந்தப் பத்தில் ஒன்று மட்டுமே. "உறுப்பொத்தல் மக்களொப்பு அன்றால்" என்று வள்ளுவர் தொடங்கும்போதும் ஒப்பு எதில் என்பதே பேச்சு. அன்றாடப் பேச்சிலும் இந்த நுட்பம் உண்டு. ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தவர்களுக்கு ஓரகத்தி, ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்களுக்குச் சகலை. வயதும் படிப்பும் எப்படி இருந்தாலும் அந்த வீட்டைப் பொறுத்தவரை இருக்கும் நிலை ஒன்று. உறவுக்கு இவ்வளவு கச்சிதமாகப் பெயர் வைத்த மொழியில் வேலைக்குச் சொல் இல்லை என்று சகாவிடம் போக வேண்டியதில்லை.

எனவே பையன்களுக்கு ஒத்த வயதினர். ஆய்வுக் கட்டுரையைப் படித்து மதிப்பிடுபவர்களுக்கு ஒத்த துறையினர். துணைத் தலைமையாசிரியர்களுக்கு ஒத்த பொறுப்பினர். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு எங்கும் ஒரே தமிழ்ச்சொல்லை ஒட்டவைக்கும் பழக்கத்தை மொழிபெயர்ப்பாளர்கள் விட வேண்டும். சொல் பட்டியலைத் திறந்து முதல் வரியை எடுத்து வைப்பது மொழிபெயர்ப்பு ஆகாது. யார் யாரோடு பேசப் போகிறார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருந்தாலே 'சமவயதினர்' விழுந்திருக்காது. அதே தலைப்பில் 'விவாதம்' வேறு. அந்தச் சொல் கேட்டாலே இன்று தொலைக்காட்சியில் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டும் காட்சிதான் மனதில் வருகிறது. கலந்து உரையாடுவது என்று எவ்வளவு நல்ல சொல் கையில் இருக்கிறது! 'தொழில்முறை' என்றதும் குத்துச்சண்டை நினைவுக்கு வருகிறது. பணி பற்றிய பேச்சு என்றால் பணிசார் என்று எழுதினால் போதும்.

அறிவிப்பைத் திருத்தும்போது 'ஒத்த பொறுப்பினர்' என்று முதலில் எழுதினேன். பிறகு அதையும் அடித்துவிட்டேன். யார் வருகிறார்கள் என்பது தலைப்பிலேயே இருக்கும்போது அவர்களை மறுபடி ஒரு பெயர்ச்சொல்லால் சுட்டத் தேவையில்லை. தமிழில் 'தமக்குள்' என்ற ஒரு சொல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது, வெளியாரையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. திருத்தி அனுப்பிய தலைப்பு இது: "ஆண்கள் இடைநிலைப் பள்ளித் துணைத் தலைமையாசிரியர்கள் தமக்குள் நடத்தும் பணிசார் கலந்துரையாடல்."